தலைமைக் குணங்கள்: பட்டியல் தெரியும், பழகுவது எப்படி?

புதுத்தடம்:

ஏழு பேர் கொண்ட குழுவுக்கு முதல்முறையாகப் பொறுப்பேற்கப் போகிறேன். வேலை தெரியும், ஆட்களை நடத்துவதுதான் புதிது. நல்ல தலைவருக்கு நேர்மை, துணிவு, பொறுமை, தொலைநோக்கு எல்லாம் வேண்டும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. மறுப்பில்லை. ஆனால் ‘பொறுமையாக இரு’ என்பதைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எப்படிச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

என்னிடம் குறை என்று எனக்கே தெரிந்தவை நான்கு. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று காதில் விழுந்ததும் முகமும் குரலும் மாறிவிடுகின்றன. முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுகிறேன். ஒருவரிடம் கொடுத்த வேலையை நானே திரும்ப உட்கார்ந்து செய்கிறேன். யாரிடமும் குறையை நேரில் சொல்ல வாய் வருவதில்லை. கூடவே, நான் அதிகம் பேசாத ஆள். அது இந்தப் பொறுப்புக்கு ஒத்துவருமா?

எங்கே தொடங்குவது, எத்தனை நாள் பிடிக்கும், முன்னேறியிருக்கிறேனா என்று எதை வைத்துப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சாணி:

நான்கையும் ஒன்றாகக் கையில் எடுக்க வேண்டாம் நண்பரே. ஒன்றை எடுத்து ஆறு வாரம் அதிலேயே நில்லுங்கள். எதை முதலில் என்றால் தயங்காமல் சொல்வேன்: தவறு நடந்தது என்று கேட்டதும் மாறுகிற அந்த முகம். மற்ற மூன்றும் அதன்மேல்தான் நிற்கின்றன. கெட்ட செய்தி உங்களிடம் வந்து சேராவிட்டால் சரியான முடிவும் எடுக்க முடியாது, கொடுத்த வேலை எந்த நிலையில் கிடக்கிறது என்றும் தெரியாது.

முதலில், குணத்தின் பெயரை எண்ணக்கூடிய செயலாக மாற்றிக்கொள்ளுங்கள். பொறுமையை யாராலும் எண்ண முடியாது. ‘எதிரில் இருப்பவர் பேசி முடித்து இரண்டு நொடி கழித்துத்தான் வாய் திறப்பேன்’ என்பதை எண்ணலாம். சின்ன நோட்டு ஒன்று போதும். சாயங்காலம் கிளம்புமுன் மூன்று கட்டம் நிரப்புங்கள்: இன்று எத்தனை முறை சந்தர்ப்பம் வந்தது, எத்தனை முறை செய்தேன், தவறியபோது அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் போனால் அதில் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வருவது தெரியும்: பசி நேரம், ஒரு கூட்டம் முடிந்து அடுத்ததற்கு ஓடும் ஐந்து நிமிடம், குறிப்பிட்ட ஒருவர் பேச ஆரம்பிக்கும்போது. பல சமயம் மனதை அடக்குவதைவிட, அந்தக் கூட்டத்தை அரைமணி தள்ளிவைப்பது அதிகம் உதவும்.

இனி அந்த முகம். செய்தி காதில் விழுந்த முதல் பத்து நொடிதான் கணக்கு. அந்தப் பத்து நொடியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த முறை உங்களிடம் சொல்வதா, மூடிவைப்பதா என்று எதிரில் நிற்பவர் தீர்மானிப்பார். பெருமூச்சு, புருவம் ஏறுவது, ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்ற ஒரு வரி, இவை போதும் ஒரு வருட நம்பிக்கையைக் கரைக்க. அதனால் அந்த நொடிக்கு முன்கூட்டியே வார்த்தை தயாராக இருக்க வேண்டும். கேள்விகள் இந்த வரிசையில்:

‘சொன்னதுக்கு நன்றி. இப்ப யாருக்காவது பாதிப்பு இருக்கா?’
‘இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க?’
‘என்கிட்ட இருந்து என்ன வேணும்?’

யார் செய்தது, ஏன் ஆயிற்று என்பவை இந்த மூன்றுக்கும் அப்புறம்தான், முடிந்தால் மறுநாள். வரிசை மாறினால் எதிராளி தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் இறங்கிவிடுவார், விவரம் பாதிதான் வரும். தனியாக இருக்கும்போது இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தது நெருக்கடியில் நாவுக்கு வராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் நடந்த விமான விபத்தைப் பாருங்கள். லாஸ் ரோடியோஸ் விமான நிலையம், மூடுபனி. ஓடுபாதையில் ஒரு போயிங் 747 இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, எதிர்முனையிலிருந்து இன்னொரு 747 பறக்கக் கிளம்பியது. அதன் கேப்டன் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் மூத்தவர். முதல்முறை அவர் விசையை முன்னே தள்ளியபோது துணை விமானி ‘இன்னும் அனுமதி வரவில்லை’ என்றார், கேப்டன் நிறுத்தினார். இரண்டாவது முறை துணை விமானி அழுத்தமாகத் தடுக்கவில்லை. விமானம் ஓடத் தொடங்கிய பிறகு விமானப் பொறியாளர், ‘அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?’ என்ற பொருளில் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. இறந்தவர்கள் 583 பேர். பனி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கேட்காமல் போன வானொலிப் பேச்சு என்று காரணங்கள் பல உண்டு. ஆனாலும் சரியான சந்தேகம் அந்த விமானி அறைக்குள்ளேயே ஒருவர் வாயில் வந்திருக்கிறது. அடுத்தடுத்து நடந்த இப்படிப்பட்ட விபத்துகளை வைத்து 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. விமானிகளைக் குழுவாக வேலை செய்யப் பழக்கும் பயிற்சி அங்கிருந்து வளர்ந்தது. இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் கேட்டு வாங்கவும், இரண்டு பக்கமும் பழக்குகிறார்கள். இரண்டாவது பக்கம் உங்கள் பாடு.

முன்னேற்றத்தை அளக்க: ஒரு தவறு நடந்த நேரத்துக்கும் அது உங்கள் காதுக்கு வந்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு என்று தேதி போட்டுக் குறியுங்கள். தொடக்கத்தில் மூன்று நாள் இருந்தது, ஆறு வாரத்தில் அதே நாளுக்குள் வருகிறது என்றால் பயிற்சி பிடித்துவிட்டது. தவறுகளின் எண்ணிக்கை முதலில் கூடினதுபோல் தெரியும். பயப்படாதீர்கள், முன்பும் நடந்தவைதான், இப்போது காதுக்கு வருகின்றன.

வினைமுற்று:

அச்சாணி முதலில் எடுக்கச் சொன்னதோடு உடன்படுகிறேன். முடிவெடுப்பது பற்றி நான் சொல்கிறேன்.

தள்ளிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் எல்லா முடிவையும் ஒரே எடையாகப் பார்க்கிறார்கள். மேசைக்கு வருவதை இரண்டாகப் பிரியுங்கள். திருப்பி எடுக்க முடிந்தது, முடியாதது. யார் எந்த வேலையைப் பார்ப்பது, கூட்டம் எப்போது, எந்தப் படிவத்தைப் பயன்படுத்துவது, இவையெல்லாம் இரண்டு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். அவற்றை அன்றே முடியுங்கள். கூடவே ‘இந்தத் தேதியில் திரும்பப் பார்ப்போம்’ என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியைச் சொல்லாமல் விட்டால் இரண்டு கஷ்டம்: பிடிக்காதவர்கள் தினமும் கிளறிக்கொண்டிருப்பார்கள், அல்லது சரிவராத ஏற்பாடு நிரந்தரமாகிவிடும்.

ஒருவரை வேலைக்கு எடுப்பது, விலக்குவது, பெரிய பணம் கட்டுவது, வெளியாருக்கு வாக்குக் கொடுப்பது, இவை திரும்ப வராதவை. அவற்றுக்கு ஒரு ராத்திரி கொடுங்கள். எதிர்ப்பார் என்று தெரிந்த ஒருவரையாவது கேளுங்கள். கூட்டம் போட்டுப் பேசினால் ஒரு நல்ல முறை உண்டு: ‘ஆறு மாதம் கழித்து இது படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் தோற்றது என்று எழுதுங்கள்’ என்று ஐந்து நிமிடம் கொடுங்கள். பேசாமல் எழுத வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு காரணமாகப் படிக்கச் சொல்லுங்கள், இளையவர் முதலில், நீங்கள் கடைசியில். ‘இதில் என்ன ஆபத்து?’ என்று கேட்டால் அவநம்பிக்கைக்காரர் என்ற பெயர் வரும் என்று வாயை மூடிக்கொள்பவர்கள், தோல்வி நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டால் தாராளமாக எழுதுவார்கள்.

நீங்கள் கடைசியில் பேசுவது மரியாதைக்காகச் சொன்னதில்லை. தலைவர் தன் கருத்தை முதலில் சொன்னால் அதற்கு அப்புறம் வருவதெல்லாம் அந்தக் கருத்தின் எதிரொலிதான். பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளையவர் முதலில் கருத்துச் சொல்லும் வழக்கம் இருப்பது இதற்காகத்தான்.

முடிவெடுத்ததும் ஐந்து வரி எழுதிவையுங்கள். தேதி. என்ன முடிவு. அப்போது தெரிந்திருந்தவை. என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். எந்தத் தேதியில் சரிபார்ப்பேன். எழுதாமல் விட்டால், விளைவு தெரிந்த பிறகு ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று நம் மனமே நம்மை ஏமாற்றும். மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களைப் படியுங்கள். நல்ல முடிவும் கெட்ட விளைவும் சேர்ந்து வரலாம், ஆகவே விளைவைப் பார்க்காமல், அன்றைக்குத் தெரிந்ததை வைத்து யோசித்தது சரியா என்று பாருங்கள். எதில் எப்போதும் அதிக நம்பிக்கையாக இருந்து ஏமாறுகிறீர்கள் என்பது நான்கைந்து மாதத்தில் வெளிச்சமாகும். பெரும்பாலும் நாள் கணக்கில்தான் இருக்கும். இரண்டு வாரம் என்று எழுதியது ஐந்து வாரம் ஆகியிருக்கும்.

இன்னொன்று, நம் மொழியிலேயே ஒளிந்திருப்பது. உங்கள் பழைய மின்னஞ்சல்களை எடுத்து ‘பட்டது’ என்று தேடிப் பாருங்கள். ‘முடிவு எடுக்கப்பட்டது’, ‘தாமதம் ஏற்பட்டது’, ‘பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது’. யார் எடுத்தார்? யார் தாமதித்தார்? இப்படிப்பட்ட வினைகளுக்குள் ஆள் மறைந்துகொள்ள வசதியாக இடம் இருக்கிறது. நன்றாகப் போனதை எழுதும்போது ‘முடித்தேன்’ என்றும், கெட்டதை எழுதும்போது ‘விடுபட்டது’ என்றும் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் மாதம் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் படைகள் இறங்குவதற்கு முன் நேச நாட்டுப் படைத்தலைவர் ஐசனோவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துக்கொண்டார், தோற்றுப்போனால் வெளியிடுவதற்காக. சில வரிகள்தான். ஜூன் 5 என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதி போட்டுவிட்டார். அதில் அவர் அடித்துத் திருத்திய இடங்கள் கவனிக்க வேண்டியவை. படைகள் திரும்பப் பெறப்பட்டன என்று முதலில் எழுதியதை, படைகளை நான் திரும்பப் பெற்றேன் என்று மாற்றினார். ‘இந்த நடவடிக்கை’ என்று தொடங்கியதை அடித்து ‘தாக்குவது என்ற என் முடிவு’ என்று எழுதினார். வீரர்கள் தங்களால் இயன்றதை எல்லாம் செய்தார்கள், பழி ஏதும் இருந்தால் அது என் ஒருவனுடையது என்ற பொருளில் முடித்தார். இறங்கியது வெற்றி பெற்றதால் சீட்டு தேவைப்படவில்லை. பொறுப்பேற்பது என்ற குணத்தை ஒரு காகிதத்தில் இரண்டு சொற்றொடர்களை மாற்றிப் பழகலாம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் மூன்று மின்னஞ்சல் எடுத்து இப்படித் திருத்திப் பாருங்கள். முதல் வாரம் கை கூசும்.

தேன்கூடு:

வேலையை ஒப்படைப்பதும் குறையைச் சொல்வதும்.

கொடுத்த வேலையை நீங்களே திரும்பச் செய்வதற்குக் காரணம் பெரும்பாலும் அவருடைய திறமைக் குறைவு இல்லை. எது ‘முடிந்தது’ என்பதற்கு உங்கள் தலைக்குள் ஒரு படம் இருக்கிறது, அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. கொடுக்கும்போதே இவற்றைச் சொல்லிவிடுங்கள்: முடிவில் கையில் என்ன இருக்க வேண்டும், எந்தத் தேதி, எவ்வளவு செலவு வரை, எதை அவரே முடிவெடுக்கலாம், எதற்கு உங்களைக் கேட்க வேண்டும், இடையில் எப்போது பார்ப்போம். சொன்ன பிறகு ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ‘முதல்ல எதுல இருந்து ஆரம்பிப்பீங்க?’ என்று கேளுங்கள். பதிலில் இடைவெளி தெரிந்துவிடும்.

அதிகாரம் எவ்வளவு என்பதில்தான் அதிகச் சிக்கல் வரும். நான்கு படி வைத்துக்கொள்ளலாம். விவரம் மட்டும் திரட்டித் தருவது. வழியை அவர் சொல்ல, நீங்கள் முடிவெடுப்பது. உங்களிடம் சொல்லிவிட்டு அவரே செய்வது. செய்து முடித்துவிட்டுச் சொல்வது. ஒவ்வொரு வேலைக்கும் எந்தப் படி என்று வாயால் சொல்லுங்கள். அவர் நான்காவது படி என்று நினைத்துச் செய்துவிட, நீங்கள் இரண்டாவது படியில் காத்திருந்தால், அவர் அத்துமீறியதாக உங்களுக்குத் தோன்றும், நீங்கள் நம்பவில்லை என்று அவருக்குத் தோன்றும். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தே மனக்கசப்பு வரும். ஒரு வேலை இரண்டு மூன்று தடவை சரியாக முடிந்தால் ஒரு படி ஏற்றுங்கள், ஏற்றியதை அவரிடம் சொல்லுங்கள்.

எப்போது எட்டிப் பார்ப்பது? கடைசியில் பார்த்தால் திருத்த நேரம் இருக்காது, அதனால்தான் நீங்களே உட்கார்ந்து செய்கிறீர்கள். பத்து நாள் வேலை என்றால் முதல் நாள் முடிவில் ஒருமுறை, ஐந்தாம் நாள் ஒருமுறை. முதல் நாள் பார்ப்பது திசை சரியா என்று மட்டும். அப்போது எழுத்துப்பிழை பார்த்தீர்கள் என்றால் அடுத்த முறை அவர் அரைகுறையாக எதையும் காட்ட மாட்டார்.

பார்க்கும்போது கை துறுதுறுக்கும். ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் பலன் கெடுமா, அல்லது நான் செய்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்பது மட்டும்தானா? இரண்டாவது என்றால் விட்டுவிடுங்கள். அவர் சிக்கலோடு வந்து நிற்கும்போது ‘விடுங்க, நான் பாத்துக்கறேன்’ என்று வாய் தவறிச் சொன்னால் வேலை அந்த நொடியே உங்கள் மேசைக்குத் திரும்பிவிட்டது. ‘ரெண்டு வழி யோசிச்சு, உங்களுக்கு எது சரின்னு படுதுன்னு சொல்லுங்க’ என்று அனுப்புங்கள். நெருப்புப் பிடித்த நாள் விதிவிலக்கு.

குறை சொல்வதற்கு வருகிறேன். வாய் வராததற்குக் காரணம், ஆளைப் பற்றிச் சொல்லப் போகிறோம் என்று நினைப்பது. நடந்ததை மட்டும் சொல்லப் பழகினால் வாய் வரும். இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘உங்களுக்குப் பொறுப்பே இல்ல.’

‘செவ்வாய்க்கிழமை கணக்கு வரும்னு சொன்னீங்க. வியாழக்கிழமை மத்தியானம்தான் வந்துச்சு. அதுவரைக்கும் ரெண்டு பேர் வேலை ஆரம்பிக்க முடியாம இருந்தாங்க. என்ன ஆச்சு?’

முதலாவதுக்கு மறுப்புதான் பதிலாக வரும். இரண்டாவதில் நாள் இருக்கிறது, செயல் இருக்கிறது, விளைவு இருக்கிறது, கேள்வி இருக்கிறது. ‘எப்பவும்’, ‘எதுவுமே’ என்ற சொற்களை எடுத்துவிடுங்கள்; அவை வந்தால் அவர் ஒரு விதிவிலக்கைத் தேடிச் சொல்லி, பேச்சு அங்கேயே சுற்றும். கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்தாறு நொடி மௌனம் தாங்க முடியாமல் நாமே ‘பரவாயில்ல, விடுங்க’ என்று சொல்லிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. பேச்சு முடியும்போது அடுத்து என்ன, எந்தத் தேதி என்பதை அவர் வாயால் வர விடுங்கள்.

நேரம்: நடந்த இரண்டு நாளுக்குள், தனியாக, ஒரே ஒரு விஷயம். மூன்று மாதம் சேர்த்துவைத்துக் கொட்டினால் அது குற்றப்பத்திரிகை. முதலில் பாராட்டு, நடுவில் குறை, மறுபடி பாராட்டு என்று சுற்றிக் கொடுக்கவும் வேண்டாம். அப்படிப் பழக்கினால் நீங்கள் பாராட்டத் தொடங்கும்போதெல்லாம் அவர் நடுங்குவார். பாராட்டை அதற்குரிய நாளில், இதே துல்லியத்தோடு தனியாகச் சொல்லுங்கள். ‘நல்லா பண்ணீங்க’ போதாது. எந்தச் செயல், அதனால் யாருக்கு என்ன நன்மை என்று இருக்க வேண்டும்.

நடுப்பகல்:

நல்ல பதில்கள். அச்சாணி சொன்னதில் ஒரே இடத்தில் வேறுபடுகிறேன். முகம் மாறாமல் இருக்கப் பழகுகிறேன் என்று பலர் கல்முகம் ஆகிவிடுகிறார்கள். அது இன்னும் பயமுறுத்தும், ஏனென்றால் எதிராளி அந்த வெற்று முகத்தில் தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்வார். கவலை இருந்தால் சொல்லிவிடுங்கள்: ‘இது எனக்குக் கவலையா இருக்கு. கோபம் உங்க மேல இல்ல. அடுத்து என்ன செய்யலாம்னு பாக்கலாம்.’ உணர்வை மறைக்க வேண்டாம், அதை யார்மீதும் வீசாமல் பெயர் சொன்னால் போதும். ‘ஏன்’ என்பதை மறுநாளைக்குத் தள்ளுவதிலும் ஒரு எச்சரிக்கை: அதே தவறு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம் என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

அந்த ‘ஏன்’ பேச்சுக்கு நல்ல சட்டகம் ஒன்று அமெரிக்க இராணுவப் பயிற்சியில் உண்டு. நான்கு கேள்வி: என்ன நடக்க வேண்டியிருந்தது, உண்மையில் என்ன நடந்தது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஏன், அடுத்த முறை எதைத் தொடர்வோம், எதை மாற்றுவோம். சின்னக் குழுவுக்கு இருபது நிமிடம் போதும். முதல் இரண்டு கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, பாதி நேரத்தையாவது கடைசிக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்; பழகாத குழு எல்லா நேரத்தையும் ‘என்ன நடந்தது’ என்பதிலேயே கரைத்துவிடும். முதல் ஆளாக உங்கள் பங்குத் தவறை நீங்கள் சொல்லுங்கள். கருத்துச் சொல்லும்போது கடைசி, தவறை ஒப்புக்கொள்ளும்போது முதல். நன்றாக முடிந்த வேலைக்கும் இதை நடத்துங்கள். தோற்றபோது மட்டும் கூட்டினால் அது விசாரணை என்று பெயர் எடுத்துவிடும்.

நீங்கள் பட்டியலில் போடாத ஒன்று: நடுநிலை. ஆட்கள் ஒரு தலைவரை மன்னிக்காமல் விடுவது பெரும்பாலும் இதில்தான். நடுநிலையாக இருப்பதாக எல்லாருமே நினைத்துக்கொள்கிறோம், ஆகவே எண்ணுங்கள். ஒரு மாதம் தாளில் ஏழு பெயர் எழுதி, பக்கத்தில் கோடு போடுங்கள். கூட்டத்தில் யார் எத்தனை முறை பேசினார், யார் பேச்சு இடையில் வெட்டப்பட்டது, பெயர் வாங்கித் தரும் வேலை யாருக்குப் போனது, யாரும் விரும்பாத வேலை யாருக்குப் போனது. மறுக்காமல் வாங்கிக்கொள்பவர் தலையில் விரும்பாத வேலை குவிந்திருக்கும். பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். முன்பு சரிக்குச் சமமாகப் பழகிய நண்பர் அதே குழுவில் இருந்தால், அவருக்குக் கொடுப்பதையும் மறுப்பதையும் தனியாக எண்ணுங்கள். சலுகை காட்டுவது ஒரு பக்கம் என்றால், சலுகை காட்டவில்லை என்று நிரூபிக்க அவரை வாட்டி எடுப்பதும் அநியாயம்தான்.

சின்ன வாக்குகளையும் இதில் சேருங்கள். ‘நாளைக்குப் பாத்துச் சொல்றேன்’ என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறீர்கள்? சொன்ன உடனே நோட்டில் பெயரும் நாளும் எழுதுங்கள். முடியாது என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். உங்களுக்கு அது நாற்பது வேலையில் ஒன்று. அவருக்கு அது ஒன்றுதான், காத்துக்கொண்டிருப்பார்.

பேசாத ஆள் என்று கேட்டீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்தும்: தாமாக யோசனையோடு முன்வருகிற ஆட்கள் உள்ள குழுவில், அமைதியான தலைவரின் கீழ் பலன் கூடுதலாக இருந்தது; சொன்னதை மட்டும் செய்யும் குழுவில் கலகலப்பான தலைவரின் கீழ் கூடியது. ஆகவே குழு எப்படிப்பட்டது என்று பாருங்கள். உங்களுக்குக் கை கொடுப்பது தனித்தனிச் சந்திப்பு. ஏழு பேருக்கும் வாரம் ஒருமுறை இருபத்தைந்து நிமிடம், மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். முதல் பதினைந்து நிமிடம் அவருடையது, வேலைநிலை விசாரிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். அவசர வேலை வந்தால் முதலில் ரத்தாவது இந்தச் சந்திப்புதான்; நேரத்தை மாற்றுங்கள், ரத்து செய்யாதீர்கள். அமைதியானவர்களுக்கு உள்ள ஆபத்து ஒன்று: நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பது குழுவினருக்கு அதிருப்தி மாதிரித் தெரியும். ‘யோசிக்கிறேன், நாளைக்குள்ள சொல்றேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

புதுத்தடம்:

எல்லாருக்கும் நன்றி. ‘பட்டது’ தேடிப் பார்த்தேன். நிறைய இருக்கிறது.

இரண்டு சந்தேகம். நான் எப்படி இருக்கிறேன் என்று குழுவிடமே கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கீங்க’ என்றுதானே சொல்வார்கள்? இன்னொன்று, தவறு செய்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால் மதிப்புக் குறையாதா?

அச்சாணி:

நடுப்பகல் சொன்ன திருத்தம் சரி, கல்முகம் வேண்டாம்.

‘நான் எப்படி?’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும், ஏனென்றால் கேள்வி ஆளைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறது. இப்படிக் கேளுங்கள்: ‘அடுத்த வாரம் நான் ஒண்ணே ஒண்ணு மாத்தினா உங்க வேலை சுலபமாகும்னா, எது?’ முந்தின நாளே சொல்லிவைத்து, யோசித்து வரச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எழுதிக்கொண்டு நன்றி மட்டும் சொல்லுங்கள். விளக்கம் கூடாது. ‘அது ஏன் அப்படி ஆச்சுன்னா’ என்று தொடங்கினீர்கள் என்றால் அவர் இனிமேல் சொல்ல மாட்டார். இரண்டு வாரத்துக்குள் அதில் ஒன்றை மாற்றி, மாற்றியதையும் சொல்லுங்கள். மாற்ற முடியாதது என்றால் ஏன் என்று அப்போது சொல்லலாம். முதல் தடவை சின்னதாகத்தான் சொல்வார்கள். கூட்டம் நீளுகிறது, மின்னஞ்சல் இரவில் வருகிறது என்று. ஆழம் பார்க்கிறார்கள். அதை மாற்றினால் இரண்டாவது, மூன்றாவது தடவையில் உண்மையானது வரும்.

மன்னிப்புக்கு அளவு உண்டு. தொட்டதற்கெல்லாம் ‘மன்னிக்கணும்’ என்றால் வார்த்தை தேய்ந்துபோகும். வேண்டிய இடத்தில், நான்கு வாக்கியம்: என்ன செய்தேன், அதனால் யாருக்கு என்ன ஆனது, அது என் தவறு, இனி இப்படிச் செய்வேன். ‘உங்க மனசு புண்பட்டிருந்தா’ என்று தொடங்காதீர்கள், அது தவறை எதிராளி மனதின்மேல் ஏற்றிவிடும். ‘ஆனா’ என்ற சொல் வந்தால் அதற்கு முன் சொன்னது அத்தனையும் அழிந்தது. நான்கு பேர் முன்னால் கடிந்துகொண்டீர்கள் என்றால் அந்த நான்கு பேர் முன்னால் சொல்லுங்கள். தனியறைக்குக் கூப்பிட்டுச் சொன்னால் அந்த நான்கு பேருக்கும் கடிந்ததுதான் நினைவில் நிற்கும். மதிப்புக் குறைவது கேட்பதால் நடப்பதில்லை, அதே தவறை மூன்றாம் முறை செய்யும்போது நடக்கிறது. அதனால் நான்காவது வாக்கியத்தை நோட்டில் ஏற்றி, அந்த ஆறு வாரக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

புதுத்தடம்:

நோட்டைக் குழுவிடம் காட்டலாமா?

தேன்கூடு:

காட்ட வேண்டாம். மூன்றாவது கட்டத்தில் மற்றவர் பெயர் இருக்கும். எந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் ஒருவரிடமாவது சொல்லி, தவறும்போது சைகை காட்டச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேனாவைக் கீழே வைத்தால் போதும், உங்களுக்கு மட்டும் புரியும்.